முகம் பார்க்காத டாக்டர்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருடைய தொழிலைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறதா என்று துழாவுவார்கள். தபால்காரர், தையற்காரர், ரயிலில் முறுக்கு விற்கிறவர் என்று ஒருவரையும் விட்டு வைப்பதில்லை. நானும் அதற்கு விலக்கல்ல. ஆனால் இருபது வருஷமாக எத்தனையோ டாக்டர்களைக் கதைகளில் நடமாட விட்டிருந்தும், ஒரு வகை டாக்டரை மட்டும் நான் உள்ளே வரவிட்டதே இல்லை. நாடி பார்க்காத, நாக்கை நீட்டச் சொல்லாத, நோயாளியின் முகத்தையே பார்க்காத டாக்டர் அவர். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பார்மலின் நெடிக்கு நடுவே, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோயியல் நிபுணர் என்று தமிழில் சொல்லலாம். 'பெத்தாலஜிஸ்ட்' என்றால்தான் ஊரில் புரியும். பல பேருக்கு அப்படிச் சொன்னாலும் புரியாது; "லேப்புக்காரர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அவரை நான் ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் கோபம். நியாயமில்லாத கோபம் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அது தெரிய எனக்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதைச் சொல்வதானால் என் அத்தையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று வயதில் தாயை இழந்த என்னை வளர்த்தவள் அத்தை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் முருங்கையும் போட்டு, சந்தைக்குத் தானே கட்டுக் கட்டிக்கொண்டு போய் விற்று, என்னைத் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் சேர்க்கிற வரைக்கும் ஆளாக்கியவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். "உடம்புக்கு என்ன கேடு? உழைச்சா எல்லாம் சரியாப் போகும்" என்பது அவளுடைய வைத்திய சாஸ்திரம் முழுவதும்.

1997ஆம் வருஷம் தீபாவளி விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது, விடிவதற்கு முன்பே கிணற்றடியில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அத்தைதான். என்னைக் கண்டதும் துணியைப் பின்னால் மறைத்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"சூடு கண்ணு. வெந்தயம் ஊற வெச்சுக் குடிக்கிறேன். நீ போய்ப் படு" என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பல மாதங்கள் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து ஊரில் ஒரு வைத்தியரிடம் இரண்டு முறை போயிருக்கிறாள். அவர் பரிசோதிக்காமலே மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவளும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாள், கேட்டிருந்தால்தான் ஆச்சரியம். நான் பிடிவாதம் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடியை இறுக்கி, பிளாஸ்திரி ஒட்டி, பெயரெழுதி என் கையில் கொடுத்தார். "மதுரையில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாம்மா. ஒரு வாரத்தில் ரிப்போர்ட் தருவார்கள்."

அந்தப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஊறுகாயா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து உறையை வாங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துவிட்டேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் விளங்கியது. அடியில் ஒரு கையெழுத்து. அத்தையை அந்த மனிதர் பார்த்ததில்லை. அவள் கட்டும் சுங்கடிச் சேலையைப் பார்த்ததில்லை, அவள் எனக்குப் பின்னிவிடும் ஜடையைப் பார்த்ததில்லை. ஒரு துணுக்கைப் பார்த்துவிட்டு, நான்கு வரி எழுதி, கீழே அலட்சியமாக ஒரு சுழி சுழித்துவிட்டார். அந்தக் கையெழுத்தின் மேல் எனக்கு ஏற்பட்ட வெறுப்பு இருக்கிறதே, அது நோயின் மேல்கூட ஏற்படவில்லை.

1998 ஆவணி மாதம் அத்தை போய்விட்டாள். கூட இருந்து பார்த்துக்கொள்வதற்காகக் கல்லூரியை விட்ட நான், திரும்பவும் அந்தப் படியை மிதிக்கவில்லை. வாழ்க்கை என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த ரிப்போர்ட்டை மட்டும் எறியாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன், ஒரு நாவலுக்காக ஆஸ்பத்திரி விவரங்கள் தேவைப்பட்டன. ஒரு சிநேகிதி என்னை ஒரு டாக்டரம்மாளிடம் அனுப்பி வைத்தாள். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் பெத்தாலஜி போதித்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகையால் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பெண்களுக்காகக் கிராமங்களில் நடக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களுக்குப் போய் வருவதும், அங்கே எடுக்கப்படும் சதைத் துணுக்குகளைப் பார்த்து முடிவு சொல்வதும் அவருடைய வேலையாகிவிட்டன. சம்பளம் உண்டா என்று கேட்டேன். "பஸ் சார்ஜ் உண்டு" என்று சிரித்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டார். கல்லூரியில் இரண்டு வருஷம் என்றேன். "அப்ப சரி. நிறையப் படிச்சவங்களுக்குத்தான் விளக்கிச் சொல்றது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தம் தொழிலை எனக்குக் காட்டத் தொடங்கினார்.

பார்மலினில் வருகிற துணுக்கு ஒரு மிளகளவுகூட இருக்காது. அதிலுள்ள ஈரத்தைச் சாராயத்தால் படிப்படியாகப் போக்கி, உருக்கிய மெழுகை அதற்குள் ஏற்றி, ஒரு சின்ன மெழுகுக் கட்டியாக்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டியை ஒரு இயந்திரக் கத்தி சீவுகிறது. ஒரு சீவலின் கனம் மூன்று அல்லது நான்கு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் அது பூவிதழ் போல மிதக்கும்போது அடியில் கண்ணாடிச் சில்லைக் கொடுத்து ஏந்திக்கொள்கிறார்கள். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். ஊதா நிறம் கொடுக்கிற சாயம் மெக்ஸிகோ பக்கத்து மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் துணிகளுக்குப் போட்ட சாயம்! இன்றைக்கும் உலகத்தின் பெத்தாலஜிஸ்டுகள் எல்லோரும் அந்த மரத்தின் தயவில்தான் பிழைக்கிறார்கள் என்றார் டாக்டரம்மாள்.

என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஊதாவும் ரோஜாவுமாக ஏதோ பட்டுப்புடவைக் கரை போலத் தெரிந்தது.

"கர்ப்பப்பை வாயின் தோல் அது. செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்கா இருக்கு பாருங்க. சுவருக்கு அடியிலே மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? அந்தக் கோட்டுக்கு மேலே என்ன கோளாறு நடந்தாலும் நாம சரிப்படுத்திடலாம். கோளாறான அணுக்கள் முதல்லே கீழ் அடுக்கிலே மட்டும் இருக்கும். அப்புறம் பாதிச் சுவர். அப்புறம் முழுச் சுவர். அதுவரைக்கும் புற்றுநோய் இல்லை. கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிட்டாத்தான் புற்றுநோய். முழுச் சுவரும் கெட்ட பிறகு கோட்டைத் தாண்டறதுக்குப் பல பேருக்குப் பத்து வருஷம், அதுக்கு மேலேயும் ஆகும். தாண்டாமலே போகிறதும் உண்டு."

லட்சுமணன் கிழித்த கோடு என் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அங்கே கோட்டைத் தாண்டியது சீதை என்று நாம் காலமெல்லாம் அவள் பேரில் குற்றம் சொல்லி வந்திருக்கிறோம். இங்கே தாண்டுவது வேறு. பழி மட்டும் இங்கேயும் பெண்ணுக்குத்தான். கர்ப்பப்பை வாயில் புற்று என்றால் நடத்தையைப் பற்றிக் கிசுகிசுக்கிற ஊர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. நோய்க்கு மூலகாரணம் ஒரு வைரஸ் என்றும், பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் என்றைக்காவது அது வந்து தானாகவே போய்விடுகிறது என்றும், போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் வினை என்றும் டாக்டரம்மாள் சொன்னார். அதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸூர் ஹவுஸனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கிசுகிசுக்கிறவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இந்தக் கோட்டுக்கு மேலேயே கோளாறைப் பிடிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்ற கிரேக்கர். 1913இல் மனைவியோடு நியூயார்க்குக்கு வந்து இறங்கியபோது கையில் காசில்லை. டாக்டர் பட்டம் பெற்ற மனிதர் கடையில் ஜமக்காளம் விற்றார். மனைவி பட்டன் தைத்தாள். பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. 1928இல் தம் கண்டுபிடிப்பை ஒரு மாநாட்டில் சொன்னார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்ற டாக்டரோடு சேர்ந்து 1943இல் புத்தகமாக வெளியிட்ட பிறகுதான் உலகம் காது கொடுத்தது. பாப் சோதனை என்று இன்று சொல்வது அவருடைய பெயரின் முதல் பாதியைத்தான்.

டாக்டரம்மாள் இதைச் சொல்லும்போது என் மனசு அந்த மனைவியிடம் போய்விட்டது. ஆண்ட்ரோமாகி என்று பெயர். ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு உதவியாளாக இருந்ததோடு, பல வருஷங்கள் தன்னையே அந்தச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டாள். நல்ல உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டதைக் கண்டுபிடிக்கலாம்? அவள் உடம்பு அதற்கு உரைகல்லாக இருந்தது. சோதனைக்குக் கணவனின் பெயர். நான் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

"நீங்கள் ஏன் கிராமத்துக்குப் போனீர்கள்?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவள் கேட்கிற கேள்வி. ஏதாவது ஒரு சம்பவத்தை எதிர்பார்த்தேன். அவர் சம்பவம் எதுவும் சொல்லவில்லை.

"மெடிக்கல் காலேஜிலே முப்பது வருஷம் இருந்தேன். வாராவாரம் கர்ப்பப்பை வாய்ப் புற்று ரிப்போர்ட் கையெழுத்துப் போடுவேன். எல்லாம் கோட்டைத் தாண்டி வந்தது. தாண்டி ரொம்ப தூரம் போனது. துணுக்கு என் மேஜைக்கு வரும்போதே முடிவு எழுதப்பட்டிருக்கும். நான் அதைப் படிச்சுச் சொல்றேன், அவ்வளவுதான். எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கிட்டேன்: நான் வைத்தியம் பார்க்கிறேனா, இல்லே, சாவுக் கடிதாசி எழுதறேனா?"

சாவுக் கடிதாசி! பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பிரித்தேனே, அதே கடிதாசி. எழுதுகிற கைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பிறகு அவர் எங்கள் திண்டுக்கல் ஜில்லாவைப் பற்றிச் சொன்னார். என் சொந்த ஜில்லாவில் நடந்த காரியம் எனக்குத் தெரியாமலிருந்தது வெட்கக்கேடு. கிராமத்துப் பெண்கள் எல்லோருக்கும் பாப் சோதனை செய்வதென்றால் கண்ணாடிச் சில்லும் மைக்ராஸ்கோப்பும் அதில் கண் பதித்துப் பார்க்கப் பழகிய ஆட்களும் ஏராளமாக வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போவது? அதற்கு ஒரு சுலபமான மாற்று இருக்கிறது. காடியில் இருக்கிறதே அதே அமிலம், தண்ணீரில் மூன்று முதல் ஐந்து சதவீதம் கலந்து, பஞ்சில் நனைத்து ஒற்றி எடுத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துவிடலாம். ஊறுகாய்க்கு ஊற்றுகிற சரக்கு! மதுரை பஸ்ஸில் அந்தப் பாட்டி கேட்ட கேள்வி என் காதில் ஒலித்தது.

2000ஆம் வருஷம் தொடங்கி 2003 வரையில், திண்டுக்கல் ஜில்லாவில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். 114 கிராமத் தொகுதிகளைப் பொறுக்கி, குலுக்கல் போல 57 தொகுதிகளில் சோதனை, மற்ற 57இல் வழக்கமான சிகிச்சை வசதிகள் மட்டும் என்று பிரித்தார்கள். சோதனைக்குரிய 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. 2,539 பேரிடமிருந்து துணுக்கு எடுக்கப்பட்டது. அந்த 2,539 துணுக்குகளும் மெழுகில் ஏறி, சீவப்பட்டு, சாயமேறி, மைக்ராஸ்கோப்பின் அடியில் போயாக வேண்டும். நர்ஸின் கண்ணுக்கு வெள்ளை தெரியும், கோடு தெரியாது. முகாமின் முன்வாசலில் நர்ஸ் நின்றால், பின்கட்டில் பெத்தாலஜிஸ்ட் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

2007இல் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த பக்கத்து 49 ஆயிரம் பெண்களில் 83 பேர் இந்த நோயால் இறந்திருந்தார்கள். நடக்காத பக்கத்து 31 ஆயிரம் பெண்களில் 92 பேர். வயது முதலியவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு பார்த்தபோது, சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு தடவை செய்த சோதனை! தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக நடத்திப் பார்த்துவிட்டு, 2012இல் தமிழ்நாட்டு அரசு மாநிலமெங்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு கேள்வி நெஞ்சைக் குத்திற்று. "சோதனை நடக்காத பக்கத்து 92 பேரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், டாக்டர்? அவர்களுக்குத் தெரியுமா, பக்கத்து ஊரில் பஞ்சும் காடியும் காத்திருந்தது?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் கேட்டுக்கிட்டதுண்டு. எண்ணிக் காட்டாட்டி சர்க்கார் நம்பாது, பணம் ஒதுக்காதுன்னு சொல்றாங்க. அது நெசந்தான். மகாராஷ்டிராவிலே, உஸ்மானாபாத்திலே இதே மாதிரி செய்து பார்த்தாங்க. 2009லே முடிவு வந்தது. அங்கே காடிச் சோதனையாலே சாவு குறைஞ்சதாகத் தெளிவாச் சொல்ல முடியலே. வைரஸ் சோதனைதான் பாதிக்குப் பாதி குறைச்சுது. அப்படியிருக்கப்போ எண்ணாம எதையும் நம்பக் கூடாதுதான். ஆனா அந்த 92 பேரோட வீட்டுக்காரங்க முன்னாடி நின்னு இதைச் சொல்லுன்னா எனக்கு வாய் வராது."

இந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. வாதத்தில் ஜெயிக்கிற பதில் அவருக்குத் தெரியாமலில்லை, சொல்லவில்லை.

அவருக்கு வேறொரு கவலை இருந்தது. திண்டுக்கல் பரிசோதனையில் புற்றுக்கு முந்திய கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்ட 1,874 பேரில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். மற்றவர்கள் வரவில்லை. "ரிப்போர்ட் எழுதறதோட என் வேலை முடிஞ்சுதுன்னு முப்பது வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். ரிப்போர்ட் மேஜை டிராயரிலே கிடந்தா அது ரிப்போர்ட்டே இல்லே."

ஒரு முகாமில் சோதிக்கப்பட்ட பெண்ணுக்கு முழுச் சுவரும் கெட்டிருந்தது, கோட்டைத் தாண்டவில்லை. சொல்லி அனுப்பினால் ஆள் இல்லை. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டாள். கொடுத்திருந்த டெலிபோன் எண் அவள் கொழுந்தனுடையது. அவனிடம் விஷயத்தைச் சொல்ல முடியுமா? கிராமத்து நர்ஸ் அம்மாள் யோசித்துவிட்டு, "ரேஷன் கார்டிலே கைரேகை வைக்கணும், நேரிலே வரச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து இறங்கினாள். கெட்ட இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழிக்கிற சிகிச்சை. மயக்க மருந்துகூட வேண்டியதில்லை. அன்று மாலையே திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள்.

"ரேஷன் கார்டு என்னாச்சுன்னு கேட்டா" என்று டாக்டரம்மாள் சிரித்தார். "முப்பது வருஷத்திலே நான் பார்த்த ஸ்லைடுக்குச் சொந்தக்காரி ஒருத்தி எதிரே நின்னு பேசினது அன்னிக்குத்தான் முதல் தடவை."

இரண்டாம் முறை போனபோது, டிரங்குப் பெட்டியிலிருந்து அத்தையின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். மடிப்பில் கிழிந்து மஞ்சளாகிவிட்டிருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்றால், உள்ளூர ஒரு ஆசை: அந்த மனிதர் ஏதாவது தப்பாக எழுதியிருக்கிறார் என்று இவர் சொல்ல மாட்டாரா?

டாக்டரம்மாள் இரண்டு தடவை வாசித்தார். "நல்ல ரிப்போர்ட்" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. சாவுக் கடிதாசியில் நல்லதும் கெட்டதுமா?

"அவசரத்திலே எழுதினவர் இல்லே. கடைசி வரியைப் பாருங்க. புற்றுன்னு சொன்னதோட நிறுத்தலாம். யாரும் கேட்க மாட்டாங்க. அந்தத் துணுக்கோட ஓரத்திலே கோட்டைத் தாண்டாத பகுதியும் கொஞ்சம் இருந்திருக்கு. அதையும் தேடிப் பார்த்து எழுதியிருக்கார். புற்றுக்கு முந்திய மாறுதல் பக்கத்திலே இருக்குன்னு."

"அதற்கு என்ன அர்த்தம், டாக்டர்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அத்தைக்கு இது திடீர்னு வரலேன்னு அர்த்தம். பல வருஷமா அந்தச் சுவருக்குள்ளேயே இருந்திருக்கு."

எத்தனை வருஷம்? நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வருஷம் என்றால் 1987. நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருப்பேன். அத்தை முருங்கைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, சந்தைக்கு நடந்துகொண்டிருப்பாள். அந்த நாளில் யாராவது ஒரு நர்ஸ், ஒரு பஞ்சு, ஒரு நிமிஷம். எந்த மனிதர் மேல் எனக்கு அத்தனை வெறுப்போ, அவர் ஒருவர்தான் அத்தையின் உடம்பில் அந்தப் பத்து வருஷத்தைப் பார்த்தவர். பார்த்ததை மறைக்காமல் எழுதி வைத்தவர். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். டாக்டரம்மாள் சாவதானமாகக் கேட்டார்: "நீங்க பார்த்துக்கிட்டீங்களா?"

"எதை?"

"வேறே எதை? சோதனையைத்தான். உங்களுக்கு நாற்பத்து நாலு, நாற்பத்தஞ்சு இருக்குமில்லே?"

நான் தலை குனிந்தேன். பெண்களின் துயரத்தைப் பற்றிப் பதினோரு நாவல்கள் எழுதியிருக்கிறேன். மேடைகளில் பேசியிருக்கிறேன். அத்தையைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கிறேன். என்னைச் சோதித்துக்கொள்ள ஒரு நாளும் போனதில்லை. நேரமில்லை என்று சொல்லலாம், பொய். பயம் என்று சொல்லலாம். அது பாதி நிஜம். மற்றப் பாதி, கிணற்றடியில் துணியை மறைத்தாளே, அதே கூச்சம். படிப்பும் எழுத்தும் அதன் மேல் ஒரு மெருகு பூசியிருந்ததே தவிர, அதைத் தொடக்கூட இல்லை.

அடுத்த வாரம் போனேன். நர்ஸ் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். இரண்டு நிமிஷ வேலை. "அம்மா, கொஞ்சம் வெள்ளையாத் தெரியுது. பயப்படாதீங்க. துணுக்கு எடுத்துப் பார்த்துடலாம்" என்றாள். பயப்படாதே என்று சொன்னவுடன் பயப்படாமலிருக்க யாரால் முடியும்?

பத்து நாட்கள் காத்திருந்தேன். அந்தப் பத்து நாட்களில் ஒரு வரி எழுதவில்லை. பின்கட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த முகம் தெரியாத டாக்டரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவருக்குத் தலைவலி இல்லாமலிருக்க வேண்டுமே, வீட்டில் சண்டை இல்லாமலிருக்க வேண்டுமே, என் சில்லின் ஓரத்தையும் ஒரு முறை நகர்த்திப் பார்க்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். டாக்டரம்மாளிடம் அனுப்பவில்லை, தெரிந்தவரின் துணுக்கைத் தாம் பார்ப்பதில்லை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட் வந்தது. கீழ் அடுக்கில் மட்டும் லேசான மாறுதல். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஒரு வருஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். போன மாசி மாதம் மறுபடி பார்த்தாயிற்று. சரியாகிவிட்டது.

அத்தையின் ரிப்போர்ட்டும் என்னுடையதும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன. இரண்டிலும் கையெழுத்துப் புரியவில்லை. வெகு நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. துக்கத்தை அப்படி ஆஸ்பத்திரியாக மாற்றுகிற திராணி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு இல்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன். என் நாத்தனாருக்கு ஐம்பது வயது. அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சீ, இந்த வயசிலே அதெல்லாம் எதுக்கு அண்ணி?" என்றாள். "ரேஷன் கார்டிலே கைரேகை வைக்கணும், வா" என்றேன். புரியாமல் சிரித்தாள். புதன்கிழமை வருகிறாள். காலை ஒன்பதரை மணி பஸ்ஸுக்கு நான் போய் அழைத்துக்கொண்டு நேரே அங்கே போவதாக ஏற்பாடு.